பிப் ஃபோம் நிரப்பித் தருகிறோம் என்று காசு வாங்குகிறவர்களிடம் கவனமாக இருங்கள்

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் ஃபைப்ரோமயால்ஜியாவோடு, அதாவது உடம்பெல்லாம் நோவும் களைப்பும் தருகிற நீண்டகால வருத்தத்தோடு, வாழ்கிற எங்கள் ஆட்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். பிப் (PIP) என்பது நீண்டகால வருத்தமோ இயலாமையோ உள்ளவர்களுக்குப் பிரித்தானிய அரசு தருகிற கொடுப்பனவு. தமிழ்க்கடையில் நோட்டீஸ் ஒட்டி, “பிப் எடுத்துத் தருகிறோம்” என்று காசு வாங்குகிற ஒருவர் செய்த வேலையால், எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய கொடுப்பனவுக்காக இன்னும் தீர்ப்பாயத் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆள் யார் என்பதைவிட அவர் வேலை செய்த விதம் உங்களுக்குத் தெரியவேண்டும். இதே விதத்தில் வேறு பலரும் செய்கிறார்கள்.

முதல் சந்திப்பிலேயே 250 பவுண்ஸ் கேட்டார். பிப் கிடைத்தால், நிலுவையாக வருகிற தொகையிலும் ஒரு பங்கு. “ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா, ஃபைப்ரோவுக்கு எப்படி எழுதவேணும் எண்டு எனக்குத் தெரியும்” என்றார். என் பெயர், நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், ஜிபியின் (குடும்ப வைத்தியரின்) விலாசம், நான் போடுகிற குளிசைகள், இவ்வளவும்தான் கேட்டார். எப்படிச் சமைக்கிறேன், குளித்த பிறகு என்ன நடக்கிறது, இரவில் நித்திரை வருகிறதா, ஒன்றும் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத் தானே நிரப்பி அனுப்புவதாகச் சொன்னார்.

அந்தக் கடைசிப் பக்கம்தான் உறுதிமொழி. மேலே எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று நாங்கள் சொல்கிற இடம். உள்ளே பொய் இருந்தால் கேள்வி முதலில் கையெழுத்திட்டவரிடம்தான் வரும்.

பிறகு நான் பிரதி எடுத்துப் பார்த்தபோது நெஞ்சு பதறிவிட்டது. நான் ஒருநாளும் 20 மீற்றருக்கு மேல் நடப்பதில்லை என்று எழுதியிருந்தார். பிப்பில் நடப்பதற்கு 12 புள்ளி கிடைக்கிற வரி அது, அதனால்தான் அதைப் போட்டிருக்கிறார். சமையல், குளியல், உடுப்பு மாற்றுதல் எல்லாவற்றுக்கும் ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தார். ஓரிடத்தில் என்னை ‘ஹி’ என்று வேறு குறிப்பிட்டிருந்தது. வேறு யாரோ ஒரு ஆணின் ஃபோமிலிருந்து அப்படியே எடுத்தது.

மதிப்பீடு ரெலிபோனில் நடந்தது. கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன்: நல்ல நாளில் பஸ் நிறுத்தம் வரை நடப்பேன், அடுத்த நாள் கட்டிலை விட்டு எழும்பவே முடியாது. ஃபோமும் என் பேச்சும் ஒன்றுக்கொன்று முரண் என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். முடிவுக் கடிதத்தில் தகுதி இல்லை என்று வந்தது. அவரைக் கூப்பிட்டால், மீள்பரிசீலனைக்கு எழுதுகிறேன் என்று இன்னும் காசு வாங்கினார், எழுதவில்லை. அதைக் கேட்க ஒரு மாதம்தான் தவணை. அது முடிந்த பிறகு அவருடைய ரெலிபோனும் வேலை செய்யவில்லை.

அப்புறம்தான் சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பில் ஒரு ஆலோசகர் கிடைத்தார். ஒரு சதம் வாங்கவில்லை. பொறுமையாக இருத்திக் கேள்வி கேட்டார். நியாயமான காரணம் இருந்தால் 13 மாதம் வரை பிந்தியும் மீள்பரிசீலனை கேட்கலாம் என்பதே அவர் சொல்லித்தான் தெரியும். அதில் முடிவு மாறவில்லை, அதனால் இப்போது மேன்முறையீடு. அதற்கும் கட்டணம் இல்லை.

அவர் விளங்கப்படுத்திய ஒரு விசயம் எங்களைப் போன்றவர்களுக்கு மிக முக்கியம். ஃபைப்ரோமயால்ஜியா என்று வைத்தியர் எழுதித் தந்தால் மட்டும் பிப் கிடைக்காது. அன்றாட வாழ்வுக்குப் 10 செயல்கள், நடமாட்டத்துக்கு 2 செயல்கள் என்று வைத்துப் புள்ளி போடுகிறார்கள். ஒரு பிரிவில் 8 புள்ளி என்றால் சாதாரண விகிதம், 12 என்றால் கூடிய விகிதம். ஒரு வேலையைச் செய்ய முடியும் என்று கணக்கெடுக்க, அதைப் பாதுகாப்பாக, ஒழுங்காக, தேவைப்படுகிற ஒவ்வொரு முறையும், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியவேண்டும். மற்றவர்களுக்கு எடுக்கிற நேரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தால் அது நியாயமான நேரம் இல்லை. அதோடு, பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

எங்கள் வருத்தம் இரத்தப் பரிசோதனையிலோ எக்ஸ்ரேயிலோ தெரியாது. வெங்காயம் வெட்டத் தெரியாதா என்றால், தெரியும். வெட்டின பிறகு கை விறைத்து, கறியை அடுப்பில் வைக்க முடியாமல் குசினிக் கதிரையில் இருந்துவிடுவேன், அன்று மத்தியானம் வேறு யாராவதுதான் சமைக்கவேண்டும். இதை நானே சொன்னால்தான் எழுத முடியும். காசு வாங்கினவர் எழுதிய ‘ஒருநாளும் முடியாது’ என்ற பொய் என்னுடைய உண்மையான கஷ்டத்தையும் சேர்த்து நம்பமுடியாததாக்கிவிட்டது. எனக்கு அதில்தான் கோபம், காசு போனதில் அல்ல.

ஃபோமை அனுப்ப முதல் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் மதிப்பீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், ஒலிப்பதிவு செய்யச் சொல்லியும் கேட்கலாம். முடிவு வந்ததும் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நல்ல நாள், கெட்ட நாள் இரண்டையும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள், அதுவும் ஆதாரம்தான்.

விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனம். விசாவில் பொது நிதி (அரசு தருகிற உதவிக் கொடுப்பனவுகள்) பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், பிப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விண்ணப்பித்தால் விசாவுக்கே பிரச்சினை வரலாம். அந்த ஆள் என்னிடம் விசா பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் இருக்கிற ஒரு தங்கச்சியிடமும் கேட்காமலே கையெழுத்து வாங்கியிருக்கிறார், அவளுக்கு அந்த நிபந்தனை இருக்கிறது. நல்லவேளை ஃபோம் இன்னும் போகவில்லை. குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேட்கும்வரை ஒன்றும் அனுப்பவேண்டாம் என்று அந்த ஆளுக்கு எழுத்தில் மெசேஜ் போடச் சொன்னேன். போட்டுவிட்டாள். குடுத்த காசையும் திருப்பிக் கேட்டிருக்கிறாள், இன்னும் வரவில்லை.