போட்டோ அடுக்கித் தருகிறோம் என்று 14,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள், உஷாராக இருங்கள்

ஹார்ட் டிஸ்க்கில் குவிந்து கிடக்கும் குடும்பப் போட்டோக்களை ஆல்பம் ஆல்பமாகப் பிரித்து, படத்துக்குப் படம் டேக் (பெயரைத் தட்டினால் படம் கிடைக்கிற மாதிரி சேர்க்கும் குறிப்பு) போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பணத்தை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 14,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். திரும்பி வந்தது நான் கொடுத்த அதே குவியல்தான், கூடவே ஆயிரக்கணக்கில் நகல்கள். கடைப் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஓனரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். திருச்சியில் கல்யாண போட்டோவும் பாஸ்போர்ட் போட்டோவும் எடுக்கிற ஒரு ஸ்டூடியோ, இப்போது டிஜிட்டல் ஆல்பம் என்று இன்னொரு போர்டும் மாட்டியிருக்கிறது. இவ்வளவு போதும். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்களிடம் இருபதாயிரத்துக்கு மேல் படங்கள். அப்பாவின் கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்தவை, தம்பியின் முதல் டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை, அப்புறம் வீட்டில் மாறி மாறி வந்த செல்போன்களில் இருந்தவை. ஒரு காலத்தில் என் கணவர் பிகாசா என்ற கூகுளின் போட்டோ சாஃப்ட்வேரில் உட்கார்ந்து முகம் முகமாகப் பெயர் போட்டார். 2016-ல் கூகுள் அதை நிறுத்தியது. நாங்கள் கம்ப்யூட்டரை மாற்றினோம். படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. அதனால் இந்த முறை எனக்கு ஒன்றே ஒன்றுதான் முக்கியமாக இருந்தது: பெயர் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அதைத்தான் கடையில் கேட்டேன், முதல் நாளே. கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்து, வேறு யாரோ ஒரு குடும்பத்தின் போட்டோக்களில் ‘கொலு’ என்று தட்டினார். வருஷ வாரியாகக் கொலுப் படிகள் வந்து நின்றன. ‘பாட்டி’ என்று தட்டினார். ஒரு மூக்குத்திக்காரப் பாட்டி வரிசையாக வந்தாள். இன்னொருவர் வீட்டுப் படத்தை எனக்கு ஏன் காட்டுகிறார் என்று அப்போதே உறுத்தியது, அது வேறு விஷயம். “இந்தப் பேரெல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கா, படத்துக்குள்ள இருக்கா?” என்று கேட்டேன். “உள்ளேயேதான் அக்கா. ஒரு தடவை போட்டுட்டா, படத்தை எங்க கொண்டு போனாலும் கூடவே வரும். உங்க பேரப்பிள்ளைங்க காலத்துலயும் தேடலாம்” என்றார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் முன்பணம் 8,000 ரூபாயை அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன்.

அப்பாவுக்குச் சதாபிஷேகம் வருகிறது. அதற்குள் வேலை முடிய வேண்டும் என்று பெயர்ப் பட்டியலையும் நானே தயார் செய்தேன். பழைய முகங்களைச் சொல்ல எங்கள் அத்தையை விட்டால் ஆள் இல்லை. லென்ஸை வைத்துக்கொண்டு, “இவன் லால்குடி மாமாவோட தம்பி, வாத்தியாரா இருந்தானே” என்று அவர் சொல்லச் சொல்ல, படத்தின் எண்ணைப் போட்டு லாங் சைஸ் நோட்டில் எழுதினேன். அந்த நோட்டையும் கடையில்தான் கொடுத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை. 14,500 ரூபாயைவிட எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

வேலை முடிந்தது என்று கூப்பிட்டார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் ‘காதுகுத்து’ என்று தேடிக் காட்டினார்கள், அழகாக வந்தது. மீதி 6,500 ரூபாயையும் அனுப்பிவிட்டு ஹார்ட் டிஸ்க்கோடு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் எந்த வார்த்தையைத் தட்டினாலும் ஒன்றும் வரவில்லை. ஒரு படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போய் டீடெயில்ஸைப் பார்த்தால், டேக்ஸ் என்ற வரி காலி. எடுத்த தேதியும் காலி. அத்தை கல்யாணப் படத்துக்கு விண்டோஸ் இந்த வருஷத் தேதியைக் காட்டுகிறது. தேதி போட்டுத் தருவதும் பேசிய பேச்சில் உண்டு. ஆல்பம் என்று கொடுத்தது வெறும் ஃபோல்டர்கள். ஒரே படம் அப்பா ஃபோல்டரிலும் லால்குடி ஃபோல்டரிலும் பொங்கல் ஃபோல்டரிலும் கிடக்கிறது. அக்கா பையன், படத்துக்குள் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டும் எக்ஸிஃப்டூல் வைத்து மொத்தத்தையும் அலசினான். ஒரு படத்தில்கூட ஒரு டேக் இல்லை.

அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். முதலில் “உங்க சிஸ்டம்ல வைரஸ் இருக்கும்.” அப்புறம் “பழைய விண்டோஸ்ல தெரியாது மேடம்.” எங்கள் வீட்டில் இருப்பது விண்டோஸ் 11. அப்புறம் வேலை பார்த்த பையன் லீவு, ஓனர் கல்யாண ஆர்டருக்கு வெளியூர். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போய் நின்றபோது ஓனர் சொன்னது: “உங்களுக்கு இதெல்லாம் புரியாது மேடம், வீட்ல சார் இருந்தா பேசச் சொல்லுங்க.” டேக் என்றால் என்ன, அது எங்கே இருக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டது யார்? நான்தானே!

கடைசியில் உண்மை வெளியே வந்தது. டேக் எல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் லைட்ரூம் என்ற போட்டோ சாஃப்ட்வேரின் கேட்டலாக்கில், அதாவது படத்துக்கு வெளியே இருக்கும் தனிப் பட்டியலில் இருக்கிறதாம். படத்துக்குள் எழுத “எக்ஸ்போர்ட் சார்ஜ்” இன்னும் 6,000 ரூபாயாம். லைட்ரூம் கிளாசிக்கில் படங்களை எல்லாம் செலக்ட் செய்து கன்ட்ரோல் எஸ் அழுத்தினால், அதுவரை கேட்டலாக்கில் மட்டும் இருந்த டேக் ஒவ்வொரு ஜேபெக் கோப்புக்குள்ளும் எழுதப்பட்டுவிடும். செய்தி நிறுவனங்கள் ஐபிடிசி (படத்துக்குள் விவரம் எழுதும் பொது முறை) என்ற பெயரில் 1990-களிலிருந்தே செய்துவருகிற வேலைதான் இது. சாஃப்ட்வேர்மேல் குற்றமில்லை. ஒரு பட்டனை அமுக்க 6,000 ரூபாய் கேட்கிறவர்மேல்தான் குற்றம். நோட்டைக் கேட்டால் “தேடிப் பாக்கறோம்.” கொடுத்த 14,500 ரூபாயைக் கேட்டால் “வேலை செஞ்சாச்சே.” ரசீதில் ‘போட்டோ வேலை 14,500’ என்று ஒரு வரி, ஜிஎஸ்டி நம்பர் இல்லை.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது இருக்கிற ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் பத்துப் படங்களைப் பென்டிரைவில் வாங்கி, வேறு கம்ப்யூட்டரில் போட்டு டேக்ஸ் வரியைப் பாருங்கள். சோதிக்கிறேன் என்று வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காதீர்கள், அதில் உள்ளே இருப்பதெல்லாம் உதிர்ந்துவிடும். ‘டேக்கும் தேதியும் கோப்புக்குள் எழுதித் தரப்படும்’ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதின நோட்டைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் கொடுங்கள். பொறுமை இருந்தால் டிஜிகேம் என்ற போட்டோ சாஃப்ட்வேர் இலவசம், நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதிலும் மெட்டாடேட்டாவை (டேக், தேதி மாதிரியான விவரங்களை) கோப்பில் எழுதும் செட்டிங் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, 2 வருஷத்துக்குள் போட்டால் போதும். ஜிபே ஸ்கிரீன்ஷாட், ரசீது, நீல டிக் விழுந்த வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துவிட்டேன். திருச்சியில் இதே மாதிரி ஸ்டூடியோவில் யாராவது பணம் கொடுத்து மாட்டியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போடலாம். முக்கியமாக அந்த மூக்குத்திப் பாட்டி வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் படங்களைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், போய்க் கேளுங்கள்.