மேப்பிள் ஷஃபிள்போர்டு மேசை: வழுக்கல் அருமை, மறுபூச்சு கொடுமை

ஷஃபிள்போர்டு மேசைக்கு, அதாவது பக் என்ற உலோக வட்டை நீளப் பலகையில் வழுக்கித் தள்ளி விளையாடும் மேசைக்கு, மேப்பிள் மரமா தேக்கா என்று நண்பர் கேட்டார். மேப்பிள்தான். ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டியது பூச்சைப் பற்றி. மறுபூச்சு வேலை இப்போதுதான் முடிந்தது, எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மரத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. கெட்டி மேப்பிளை ஒன்றரை அங்குல ரீப்பராக அறுத்து, ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி ஒட்டிய பலகை இது. அப்படித் திருப்பினால் ஈரத்துக்கு மரம் அகலத்தில் விரிவது பாதிக்கும் கீழே போய்விடும். 20 அங்குல அகலத்தில், மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் படுக்கையாக ஒட்டிய மேப்பிள் சுமார் 7 மி.மீ. நகரும், திருப்பி ஒட்டியது 3 மி.மீ. சொச்சம்தான். தேக்கு இன்னும் குறைவாகவே அசையும். ஆனால் மேப்பிளைவிட மெத்து. அதன் எண்ணெய்ப்பசையால் பிடிப்பும் சந்தேகம், ஒட்டும் முன் அசிட்டோனால் துடைத்தே ஆக வேண்டும். ஓக் வேண்டாம். மரத்தில் பெரிய துளைகள், பூச்சு ஊற்றினால் குமிழி மேல் குமிழி.

அடியில் குறுக்குச் சட்டங்களில் திருகுக்கு வட்டத் துளை போடாதீர்கள், நீள்துளை போடுங்கள். மரம் நகர இடமில்லாவிட்டால் ஒட்டு விடும். அடிப்பக்கத்துக்கும் பூச்சு உண்டு. மேலே மட்டும் பூசினால் பலகை ஒரு பக்கமாக ஈரம் குடித்து வளையும், பக் ஓரத்துக்கே ஓடும்.

இனி எபாக்சி, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கெட்டியாக இறுகும் பிசின். 20 அங்குல அகலம், 12 அடி நீளத்துக்கு 3 மி.மீ. கனம் என்றால் சுமார் ஐந்தரை லிட்டர். முதலில் மெல்லிய அடிப்பூச்சு ஒன்று, பிறகுதான் ஊற்றல். அறையின் சூடு இறங்கும் நேரத்தில் ஊற்ற வேண்டும். சூடு ஏறும்போது ஊற்றினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழியாக மேலே வரும். ஒழுங்காக இறுகிய பரப்பில் பக் போகும் அழகே தனி. தடங்கலே இல்லை, கடைசி அங்குலம் வரை வேகம் சீராக இறங்கும். மெல்லிசாகப் பூசிய எந்தப் பூச்சும் கண்ணாடி மாதிரி இவ்வளவு மட்டமாக வராது.

கீறல் விழும் வரைதான் இந்தச் சந்தோஷம்.

வழுக்கலுக்காக அடிக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரே கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். அதன் மேல் புது எபாக்சி ஊற்றினால் அந்த இடத்தை விட்டு அது விலகி ஓடும். நடுவில் பழைய பரப்பு தெரிய, சுற்றிலும் வரம்பு கட்டிய வட்டக் குழிகள். இதுதான் மீன்கண். தேய்த்தால் போகும் என்று எல்லாரும் முதலில் உப்புத்தாளைத்தான் எடுப்பார்கள். அது சிலிக்கோனை மேசை முழுக்கப் பரப்பிவிடும். முதலில் மினரல் ஸ்பிரிட்டால் (பெயிண்ட் கரைக்கும் திரவம்), ஒரே திசையில், துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். மூன்று நான்கு முறை. பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். படலமாகப் படராமல் எங்காவது முத்தாக உருண்டால், அங்கே சிலிக்கோன் இன்னும் இருக்கிறது. தண்ணீர் எங்கும் படர்ந்து, காய்ந்த பிறகுதான் தேய்ப்பு. அப்படியும் ஓரத்தில் இரண்டு மீன்கண் வந்தே தீரும். இறுகும் வரை காத்திருந்து, சுரண்டி, மறுபடி ஊற்ற வேண்டும்.

விளையாட்டுக்கு எபாக்சியை மிஞ்ச ஒன்றுமில்லை. இருந்தும் அடுத்த மேசைக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ்தான். ஆறு மெல்லிய கோட், இடையிடையே 320-ஆம் எண் உப்புத்தாள். அதிலும் மீன்கண் வரும், ஆனால் வீணாவது ஒரு கோட், ஐந்தரை லிட்டர் அல்ல. சிலிக்கோன் ஸ்ப்ரே டப்பா மட்டும் அந்த அறைப் பக்கமே வரக் கூடாது.