முனைவர் பட்டக் கள ஆய்வுக்கு எந்த நிதி? நீலகிரியிலிருந்து ஓர் ஒப்பீடு

சென்ற தை மாதத்தில் கோத்தகிரியைச் சேர்ந்த ஒரு முனைவர் பட்ட மாணவி தன் ஆய்வு முன்மொழிவைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். சிறு தேயிலை விவசாயிகளின் தோட்டங்களில் கொழுந்து பறிக்கப் போகும் பழங்குடிப் பெண்களின் உழைப்பைப் பற்றிய ஆய்வு அது. கேள்வி கூர்மையாக இருந்தது. முன்னோர் செய்த ஆய்வுகளை உழைத்துப் படித்திருந்தார். ஆனால் கடைசிப் பக்கத்தில் இருந்த செலவுக் கணக்கில் மூன்றே வரிகள். அவற்றுள் ஒன்று, "பயணம்: ரூ.50,000." எந்த ஊருக்கு, எத்தனை முறை, எந்த வண்டியில் என்று ஒரு சொல்லும் இல்லை. "இதை எந்த நிதிக்கு அனுப்பலாம், அக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் அன்று சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் உதகையிலும் குன்னூரிலும் கூடலூரிலும் இதே கேள்வியோடு இருக்கும் மாணவர்கள் பலர், எந்தத் திட்டத்தில் தொகை அதிகம் என்பதை மட்டுமே பார்த்து முடிவெடுத்துவிட்டுப் பிறகு தவிப்பதைக் கண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சில நிதிகள் ஆய்வாளருக்குக் கிடைப்பவை. அவை மாதாமாதம் வந்து வாடகையையும் அரிசியையும் பார்த்துக்கொள்கின்றன. வேறு சில நிதிகள் ஆய்வுக்குக் கிடைப்பவை. அவை ஒரு கேள்விக்கு விடை தேடுவதற்கான பயணம், தங்கல், மொழிபெயர்ப்பாளர், ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கானவை. சமவெளியில் நூலகத்தையும் ஆவணக் காப்பகத்தையும் நம்பிச் செய்யும் ஆய்வுக்கு முதல் வகையே பெரும்பாலும் போதும். மலையில் கள ஆய்வு செய்பவருக்கு அது போதாது என்பதே என் உறுதியான கருத்து.

முதல் வகையில் முதலிடம் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூ.ஜி.சி., வழங்கும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்கு, அதாவது எல்லோரும் ஜே.ஆர்.எஃப். என்று சொல்வதற்கு. 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், முதுநிலை ஆய்வாளராக உயர்ந்தபின் மூன்று ஆண்டுகளுக்கு மாதம் 42,000 ரூபாயும் தரப்படுகிறது. ஐந்து ஆண்டுகளையும் கூட்டினால் வீட்டு வாடகைப் படி நீங்கலாகச் சரியாக 24 லட்சம் ரூபாய். உள்நாட்டுத் திட்டங்களில் ஒரு சமூக அறிவியல் மாணவருக்கு இதைவிட நிலையான ஆதாரம் இல்லை. தேர்வில் உங்கள் ஆய்வுத் தலைப்பை யாரும் கேட்பதில்லை. நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் போதிய இடம் பிடித்தால் போதும், என்ன ஆய்வு என்பதை நீங்களும் நெறியாளரும் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். அந்தச் சுதந்திரத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் களத்துக்கு என்று அதில் உள்ள பங்கைப் பாருங்கள். கலை, சமூக அறிவியல் துறைகளுக்குச் சில்லறைச் செலவு நிதி, அதாவது கன்டின்ஜென்சி, முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாய். பிறகு ஆண்டுக்கு 20,500 ரூபாய். முதல் தொகையைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 833 ரூபாய். கோத்தகிரியிலிருந்து பேருந்து நிற்கும் இடம் வரை போய், அங்கிருந்து ஜீப் பிடித்து ஒரு பழங்குடிக் குடியிருப்புக்குப் போய்வருகிறவர் அந்த 833 ரூபாய் எத்தனை நாளுக்கு வரும் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். என் ஆய்வுக் காலத்தில் உதவித்தொகையின் ஒரு பகுதியை ஜீப்புக்கும், இன்னொரு பகுதியை எனக்காக ஒரு நாள் கூலியை விட்டு உடன் வந்த பெண்ணுக்கும் கொடுத்துவிட்டு, மீதியில்தான் மாதத்தை ஓட்டினேன்.

தொகை வரும் நேரமும் ஒரு சிக்கல். ஒவ்வொரு மாதமும் நீங்கள் பணியில் இருப்பதை நிறுவனம் இணையதளத்தில் உறுதி செய்ய வேண்டும்; பதிவிடுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர், மாணவர்கள் பேச்சில் 'மேக்கர்', 'செக்கர்'. இருவரில் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனாலும் பணம் நின்றுவிடும். நான் பதிவு செய்திருந்த நிறுவனத்தில் இப்படி ஐந்து மாதம் நின்றது; அந்த ஐந்து மாதமும் கொழுந்து பெருகி வேலை மும்முரமாக நடந்த காலம், நான் போயிருக்க வேண்டிய காலம். பிறகு நிலுவை முழுவதும் ஒரே நாளில் வந்தது. ஆனால் அந்தப் பருவம் திரும்ப அடுத்த ஆண்டுதான் வந்தது.

வயது வரம்பு 30. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. தேர்வு வழக்கமாக ஆண்டுக்கு இரு முறை நடக்கிறது என்றாலும், 2024 ஜூன் 18 அன்று நடந்த நெட் தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பட்டதை நினைவில் வைத்து, ஒரே தேர்வை நம்பி மொத்தத் திட்டத்தையும் கட்டாமல் இருப்பது நல்லது.

நெட் தேர்வில் உதவித்தொகைக்கான இடம் கிடைக்காதவர்கள் அடுத்து நாட வேண்டியது இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு, 1969-இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். அதன் முனைவர் பட்ட உதவித்தொகை மாதம் 20,000 ரூபாய், அதோடு ஆண்டுக்கு 20,000 ரூபாய் சில்லறைச் செலவு, காலம் இரண்டு ஆண்டு. மொத்தம் 5,20,000 ரூபாய். ஜே.ஆர்.எஃப். தொகையோடு ஒப்பிட்டால் சிறிதுதான். ஆயினும் களச் செலவுக்கான பங்கு, முதல் இரண்டு ஆண்டுகளை மட்டும் பார்த்தால், ஜே.ஆர்.எஃப்.-ஐப் போல இரு மடங்கு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இன்னொரு வேறுபாடு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது: இங்கே உங்கள் முன்மொழிவை ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். நெட் தேர்வில் தோற்ற ஒரு நல்ல கேள்வி இங்கே வெல்ல முடியும். அதே காரணத்தால், பல்கலைக்கழகப் பதிவுக்காக எழுதிய ஆய்வுச் சுருக்கத்தை அப்படியே அனுப்புவது பெரும் தவறு. பதிவுக்கான சுருக்கம் "இந்தத் துறையில் இதைப் படிக்கப் போகிறேன்" என்கிறது; நிதிக்கான முன்மொழிவோ "இந்தக் கேள்விக்கு இன்னும் விடை இல்லை, இன்ன சான்றைக் கொண்டு இத்தனை மாதத்தில் விடை காண்பேன், அதற்கு இவ்வளவு செலவாகும்" என்று சொல்ல வேண்டும்.

பழங்குடி மாணவர்களுக்கு மத்தியப் பழங்குடியினர் நலத்துறையின் தேசிய உதவித்தொகை தனியாக இருக்கிறது. ஆண்டுக்கு 750 பேர், முதுகலை மதிப்பெண் அடிப்படையில் தேர்வு. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாகப் பட்டியலிடப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்னும் ஆறு சமூகத்தினரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். இந்தச் சமூகங்களிலிருந்து முதுகலை முடித்த ஒருவர் முதலில் இதற்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. படுகர் சமூகம் பழங்குடியினர் பட்டியலில் இல்லாததால் அச்சமூக மாணவர்கள் இதற்கு விண்ணப்பிக்க இயலாது. சாதிச் சான்றிதழை விண்ணப்பம் திறந்தபின் தேடி அலையாமல் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகைக்கு வருகிறேன். ஆய்வு மானிடவியல் சார்ந்ததாக இருந்தால், நியூயார்க்கில் உள்ள வென்னர்-கிரென் அறக்கட்டளையின் முனைவர் பட்டக் கள ஆய்வு நிதியை அவசியம் பரிசீலிக்க வேண்டும். 1941-இல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை அது. விண்ணப்பிப்பவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். உச்ச வரம்பு 25,000 டாலர், நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல். நிறுவனத்துக்கான நிர்வாகச் செலவை அது தருவதில்லை; பணம் முழுவதும் களத்துக்குத்தான். ஒரு சிறு மலைக்கிராமத்தில் பத்து மாதம் தங்கி, மொழிபெயர்ப்பாளருக்கு மதிப்பான கூலி கொடுத்து, பதிவுகளை எழுத்தாக்கிப் பாதுகாக்க இது தாராளம். உச்ச வரம்பு இருக்கிறதே என்று அந்த அளவுக்குக் கேட்கத் தேவையில்லை. எட்டு லட்சத்தில் முடியும் ஆய்வுக்கு எட்டு லட்சமே கேட்கும் விண்ணப்பத்தைப் படிப்பவர் நம்புவார்.

விண்ணப்பம் எளிதல்ல. உங்கள் கேள்வி என்ன, எந்தச் சான்று அதற்கு விடை தரும், அந்த விடை மானிடவியலுக்கு என்ன புதிதாகச் சேர்க்கும் என்று நேராகக் கேட்கிறார்கள். "நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை" என்ற வாதம் அங்கே ஒரு நிமிடமும் நிற்காது. நூறாண்டுக்கும் மேலாக உலகின் மானிடவியலாளர்கள் வந்துபோன மலை இது என்பது அவர்களுக்கும் தெரியும். முதல் முறை மறுக்கப்பட்டால், மதிப்பீட்டாளர் சொன்ன குறைகளுக்கு விடை எழுதி மறுபடி விண்ணப்பிக்கலாம். அப்படி வந்த மதிப்புரைகளைப் படித்துப் பார்த்தபோது, பணம் கிடைக்காத நிலையிலும் அந்த இரண்டு பக்கங்கள் ஆய்வேட்டின் அறிமுக இயலையே மாற்றி எழுத வைத்ததைக் கண்டேன்.

இதன் நாட்காட்டி மலைக்காரர்களுக்கு மிகவும் முக்கியம். கடைசித் தேதிகள் மே 1, நவம்பர் 1. மே மாதம் விண்ணப்பித்தால் அடுத்த ஆண்டு ஜனவரியிலிருந்து ஜூனுக்குள் கள ஆய்வைத் தொடங்க வேண்டும். நவம்பரில் விண்ணப்பித்தால் அடுத்த ஆண்டு ஜூலையிலிருந்து டிசம்பருக்குள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும். பாதை அறுந்தால் சில குடியிருப்புகளுக்குப் போகவே முடியாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்கு மழைதான் மண்சரிவைக் கொண்டுவரும். ஆகவே கூடலூரில் களம் வைத்திருப்பவர் மே மாதத்தில் விண்ணப்பித்து ஜனவரியில் தொடங்குவதே உசிதம். ஆனால் அவர் வனப்பகுதிக்குள் செல்ல வேண்டியிருந்தால், பிப்ரவரியும் மார்ச்சும் காட்டுத்தீக் காலம் என்பதையும், சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நிதிக்கு விண்ணப்பிக்கும் வாரத்திலேயே அனுமதிக்கும் மனு கொடுத்துவிடுங்கள். பணம் கையில் இருந்தும் அனுமதி வராமல் உதகையில் அறை வாடகை கட்டிக்கொண்டு காத்திருந்த ஒரு மாணவரை எனக்குத் தெரியும். அது கோடை சீசன் வேறு, வாடகையைச் சொல்லவே வேண்டாம்.

வெளிநாட்டுப் பணம் என்றதும் வரும் அடுத்த கேள்வி சட்டம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற அமைப்புகள் வெளிநாட்டு நன்கொடையைப் புது தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் மட்டுமே பெற முடியும். பெற்றதை வேறொருவருக்கு மாற்றித் தரவும் முடியாது. தெரிந்த தொண்டு நிறுவனத்தின் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம் என்ற பழைய யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். விருதுக் கடிதம் யார் பெயரில் வருகிறது, எந்தத் தலைப்பில் வருகிறது என்பதைக் காட்டி, பணம் வருவதற்கு முன்பே ஒரு பட்டயக் கணக்காளரிடமும் பல்கலைக்கழக நிதி அலுவலரிடமும் எழுத்தில் கருத்துப் பெறுவது அவசியம்.

தோடர் மொழியையோ கோத்தர் மொழியையோ பதிவு செய்யும் மொழியியல் மாணவர்களுக்கு, அழியும் நிலையிலுள்ள மொழிகளை ஆவணப்படுத்தும் ஈ.எல்.டி.பி. திட்டம் இதைவிடப் பொருத்தம். ஆனால் பதிவுகளை அவர்களது ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதால், பாடியவர்களிடமும் பேசியவர்களிடமும் முன்பே விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். சோலைக்காடு, புல்வெளி, உயிரினம் சார்ந்த ஆய்வுக்கு ரஃபர்ட் அறக்கட்டளையின் சிறு நிதி உண்டு. வெறும் பட்ட ஆய்வுக்கு அது பணம் தராது, பாதுகாப்புக்கு நேரடிப் பயன் இருக்க வேண்டும்.

ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்வதைவிட ஒன்றின் மேல் ஒன்றை அடுக்குவதே சரி என்று நான் நினைக்கிறேன். மாத உதவித்தொகை இரண்டை ஒரே காலத்தில் பெற முடியாது, ஆகவே ஜே.ஆர்.எஃப்., ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., பழங்குடி உதவித்தொகை ஆகியவற்றுள் ஒன்றுதான். அதன் மேல் ஒரே ஓர் ஆண்டுக்குக் கள நிதி. ஆனால் அதைப் பெறுவதற்கு முன் உதவித்தொகை தரும் அமைப்பிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரே பேருந்துக் கட்டணத்தை இரண்டு கணக்கில் காட்டவே கூடாது.

கோத்தகிரி மாணவியின் கணக்கை அன்று மாலை முழுவதும் இருந்து திருத்தினோம். "பயணம்: ரூ.50,000" என்ற ஒரு வரி பதினோரு வரியானது. நான்கு குடியிருப்புகள், ஒவ்வொன்றுக்கும் மாதம் இத்தனை முறை. பேருந்து இவ்வளவு, ஜீப் இவ்வளவு. மழை மாதங்களில் ஜீப்புக்குக் கூடுதல். மொழிபெயர்க்க வரும் பெண்ணுக்கு அவர் அன்று இழக்கும் கொழுந்துக் கூலிக்குக் குறையாத தொகை. நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் என்ன கொடுப்பது என்பதை ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டு எழுதுவதாக அந்த வரியை மட்டும் காலியாக விட்டார். கூட்டிப் பார்த்தால் ஐம்பதாயிரம் மூன்று மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. அவர் பங்குனியில் ஊர்ப் பெரியவரைப் பார்த்துவிட்டு வந்து அந்த வரியை நிரப்பினார், ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். அறிவிப்பு வருவதற்காகக் காத்திராமல், மே 1-க்கு நான்கு நாள் முன்பு கள நிதி விண்ணப்பத்தை அனுப்பினார்.