காலையில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

போன மாதம் என் டெஸ்க்டாப்புக்குப் புது எஸ்எம்பிஎஸ் (பிளக்கிலிருந்து வரும் கரண்ட்டை மாற்றி உள்ளே இருக்கும் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டி) மாட்டினேன். அதன் பிறகு ஒரு நாள்கூட அது ஆன் ஆகும்போது தடுமாறவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூவாயிரம் ரூபாய்க்குள் தீர்ந்துபோன ஒரு கோளாறுக்காக இரண்டு வருஷத்துக்கும் மேலாக என்னை அலையவிட்டார்களே என்ற கோபம் இன்னும் அடங்கவில்லை. வேறு யார் வீட்டிலாவது இதே கூத்து நடந்துகொண்டிருந்தால் அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2015-ல் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து திருச்சிக்குக் கொண்டுவந்த மெஷின் இது. கோர் ஐ5 4460, ஹெச்81 போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். பின்னால் ஒரு எஸ்எஸ்டி சேர்த்து விண்டோஸை அதற்கு மாற்றினேன். வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். டேலி, எக்செல், ஜிஎஸ்டி ரிட்டர்ன், இவ்வளவுதான் வேலை. மாதாமாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ம் தேதிக்குள் 3பி (வரி கட்டும் சுருக்க ரிட்டர்ன்). தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம். என்னை நம்பிக் கணக்கைக் கொடுத்தவர்களிடம் "கம்ப்யூட்டர் ஆன் ஆகலை" என்று சொல்ல முடியாது.

நோய் இப்படி இருந்தது. காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், லோகோ வரும், அதன் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கும். பட்டென்று திரை கறுத்துவிடும். மறுபடி லோகோ, மறுபடி புள்ளிகள், மறுபடி கறுப்பு. சில சுற்று போன பிறகு ஒருவழியாக டெஸ்க்டாப் வந்துவிடும். வந்துவிட்டால் ராத்திரி வரைக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. மதியம் ஆஃப் செய்துவிட்டுச் சாப்பிட்டு வந்து ஆன் செய்தால் ஒழுங்காக வரும். மறுநாள் காலையில் பழையபடி. மார்கழியில் இன்னும் மோசம்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் கடையில் ஆன் செய்தபோது திரையில் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வந்தது. விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது, ஃபார்மட் செய்ய வேண்டும் என்றார்கள். செய்தார்கள். கடையில் நன்றாக ஓடியது, வீட்டில் மறுநாள் காலையே ஆரம்பித்துவிட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் பாதி ஏறும்போது தொடர்ந்து இரண்டு மூன்று முறை நின்றுபோனால், அது தானாகவே ரிப்பேர் திரையைக் கொண்டுவரும். கரண்ட் அறுந்து நின்றாலும் அப்படித்தான், ஃபைல் கெட்டு நின்றாலும் அப்படித்தான். அந்தத் திரை வந்துவிட்டது என்பதற்காகக் கெட்டது விண்டோஸ்தான் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் ஃபார்மட் செய்வதற்குக் காசு வாங்கலாம்.

இரண்டாவது கடையில் ஹீட் பிராப்ளம் என்றார்கள். பிராசஸருக்குப் புது பேஸ்ட் தடவி, ஃபேனைத் துடைத்துக் கொடுத்தார்கள். தூசி போனது நல்லதுதான். ஆனால் ராத்திரி முழுக்க ஆஃபில் கிடந்து ஆறிப்போன மெஷின், ஆன் செய்த அரை நிமிஷத்தில் சூட்டால் சாயுமா? அப்படிச் சாய வேண்டுமென்றால் கூலர் கழன்றே கிடக்க வேண்டும். நாள் முழுக்க ஓடிச் சூடாக இருக்கும்போது ஒழுங்காக ஓடுகிறது, ஆறிய பிறகுதான் மக்கர் செய்கிறது என்று தெளிவாகச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. மூன்றாவது கடையில் மதர்போர்டே போய்விட்டது, இந்த மாடலுக்கு இப்போது போர்டு கிடைக்காது, புதுசு வாங்கிவிடுங்கள் என்றார்கள். மீட்டர் வைத்து யாரும் பார்க்கவில்லை.

இனி நானே பார்த்துத் தெரிந்துகொண்டவை.

ரீஸ்டார்ட் எந்த இடத்தில் நடக்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. லோகோவே வராமல், ஃபேன் சுற்றி நின்று சுற்றி நின்று கொண்டிருந்தால் ராம், பவர், போர்டு பக்கம் பார்க்க வேண்டும். ராம் குச்சியைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாலே பல மெஷின்கள் எழுந்துவிடும். கேபினெட்டின் ரீசெட் பட்டன் உள்ளே அழுந்தி மாட்டிக்கொண்டிருந்தாலும் மெஷின் ஒழுங்காக எழாது. போர்டிலிருந்து அந்தப் பட்டனின் வயரை உருவிவிட்டால் தெரிந்துவிடும். தேதி தினமும் பழைய வருஷத்துக்குப் போகிறதென்றால் போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரியை மாற்ற வேண்டும், செலவு அதிகமில்லை. லோகோ தாண்டி விண்டோஸ் ஏறும்போது விழுந்தால் டிரைவர், அப்டேட், டிஸ்க் என்று சந்தேகப்படலாம். பவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைத்தான் கடைக்காரர்கள் விட்டுவிட்டார்கள்.

நீலத் திரை (விண்டோஸ் கோளாறில் விழும்போது காட்டும் திரை) வந்து ரீஸ்டார்ட் ஆகிறதா, திரை வராமலே ஆகிறதா என்பது அடுத்த கேள்வி. விண்டோஸில் கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் செட்டிங் இருக்கும். அதனால் நீலத் திரை வந்தாலும் படிப்பதற்குள் மறைந்துவிடலாம். ரிப்பேர் திரையிலிருந்து டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் 9-ம் எண்ணை அழுத்தினால் அந்தத் தானியங்கி ரீஸ்டார்ட் அந்த ஒரு முறைக்கு நிற்கும். நான் அழுத்திப் பார்த்தேன். நீலத் திரை வரவே இல்லை, நேரடியாகக் கறுப்புதான். அப்புறம் மெஷின் எழுந்த பிறகு ஈவன்ட் வியூவரில் (விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் இடம்) போய்ப் பார்த்தால் 'கெர்னல்-பவர் 41' வரிசையாக இருந்தது. சரியாக ஷட்டௌன் ஆகாமல் மெஷின் மறுபடி ஆன் ஆகியிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். அதன் விவரத்தில் 'பக்செக்கோட்' (கோளாறின் எண்) என்ற இடத்தில் 0 என்று இருந்தது. விண்டோஸ் நீலத் திரையோடு விழுந்திருந்தால் பெரும்பாலும் அங்கே வேறு எண் இருந்திருக்கும். 0 என்றால், என்ன நடந்தது என்று குறித்து வைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை.

அடுத்து, 1 டிபி ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு காலையில் ஆன் செய்தேன். முதல் முறையிலேயே வந்தது! மறுபடி மாட்டினேன், மறுநாள் காலையில் விழுந்தது. அதே ஹார்டு டிஸ்க்கைத் தம்பி வீட்டு மெஷினில் போட்டால் அருமையாக ஓடுகிறது. டிஸ்க்கில் குறையில்லை. நின்றிருக்கும் தட்டுகளைச் சுழற்றி வேகத்துக்குக் கொண்டுவர அது 12 வோல்ட் லைனில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். சுற்ற ஆரம்பித்த பிறகு அதில் ஒரு பகுதி போதும். ஆன் செய்த அந்தச் சில நொடிகளில் ஃபேன்களும் முழு வேகத்தில் சுற்றும், பிராசஸரும் விழித்து இழுக்கும். அந்த மொத்தச் சுமையைத் தாங்க முடியாமல் எஸ்எம்பிஎஸ் திணறியிருக்கிறது.

திணறினால் ஏன் அப்படியே அணையாமல் ரீஸ்டார்ட் ஆக வேண்டும்? எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு 'பவர் குட்' என்று ஒரு சிக்னல் சாம்பல் நிற வயரில் போகிறது. வோல்டேஜ் எல்லாம் சரியான அளவில் நிற்கிறது என்று போர்டுக்குச் சொல்வது அது. அது வரும்வரை போர்டு பிராசஸரை ரீசெட்டிலேயே வைத்திருக்கும். நடுவில் அது ஒரு கணம் விழுந்தாலும் மறுபடி ரீசெட். வோல்டேஜ் திரும்ப நிமிர்ந்தால் மெஷின் முதலிலிருந்து தொடங்கும். என் மெஷின் செய்தது இதுதான்.

எங்கள் தெருவில் டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர்தான் காலையில் வீட்டுக்கே வந்து மீட்டரை வைத்தார். மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவில் 12 வோல்ட் இருக்க வேண்டும். 5 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. ஆன் ஆகும் நேரத்தில் எங்கள் கண்ணெதிரே 11-ஐ ஒட்டி இறங்கிவிட்டு ஏறியது. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி எடுத்துப்போய்த் திறந்து காட்டினார். உள்ளே கெபாசிட்டர்களின் (கரண்ட்டைச் சேர்த்து வைத்து வோல்டேஜை நிலையாக வைக்கும் பாகங்கள், கண்டென்சர் என்றும் சொல்வார்கள்) தலை உப்பியிருந்தது. "கண்டென்சர் காஞ்சு போச்சும்மா, சூடு ஏறினாத்தான் வேலை செய்யும்" என்றார். அந்த ஒரு வரிக்காக எத்தனை கடை ஏறி இறங்கினேன்!

அவர் சொன்னது முழுக்கச் சரி. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வருஷக்கணக்கில் வெந்து காய்ந்துபோகிறது. காய்ந்ததில் உள்தடை கூடுகிறது. ஆறியிருக்கும்போது அந்தத் தடை இன்னும் அதிகம், சூடாகச் சூடாகக் குறையும். காலையில் நாலைந்து முறை விழுந்து எழுந்ததே அதைச் சூடாக்கியிருக்கிறது. இந்தக் கெபாசிட்டர்கள் இயங்கும் இடத்தில் 10 டிகிரி வெப்பம் கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. திருச்சி வெயிலில், தூசி அடைத்த கேபினெட்டில் அது இத்தனை வருஷம் தாங்கியதே பெரிது. தயவுசெய்து இதை வீட்டில் யாரும் திறந்து பார்க்க வேண்டாம். 230 வோல்ட் லைனில் ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது.

எனக்கு ஆறாத விஷயம் ஸ்டிக்கர். பழைய எஸ்எம்பிஎஸ் மேல் பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருக்கிறது. கீழே பொடி எழுத்தில் இருக்கும் கட்டத்தைப் பார்த்தால் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். இன்றைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் இழுப்பது 12 வோல்ட்டில்தான். அந்த வரியில் இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு தலையில் 450 என்று அச்சடிப்பதை நான் நேர்மை என்று சொல்ல மாட்டேன். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படும் எஸ்எம்பிஎஸ்களில் இது சகஜம் என்று அண்ணன் சொன்னார். இப்போது மாட்டியிருப்பது 80 பிளஸ் (கரண்ட்டை வீணாக்காத திறனுக்கான சான்று) உள்ள 450 வாட். அதில் 12 வோல்ட் லைனில் மட்டுமே 400 வாட்டுக்கு மேல் வருகிறது.

மற்றபடி இந்த மெஷினைப் பற்றி நல்லதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிராசஸர், போர்டு, ராம் எல்லாம் 2015-ல் வாங்கியவைதான், ஒன்றும் போகவில்லை. எஸ்எஸ்டி போட்ட பிறகு டேலி கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கிறது. இரண்டு மானிட்டர் வைத்து ஒன்றில் பில், ஒன்றில் ஜிஎஸ்டி தளம் என்று வேலை பார்க்கிறேன். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் ஒரு பாகத்தை மாற்றிவிடலாம். அந்த வசதி இருந்ததால்தான் இது இன்னும் குப்பைக்குப் போகாமல் என் மேஜையில் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெண் பி.காம். முடித்துவிட்டு என்னைப் போலவே கணக்கு வேலை தொடங்கப்போகிறாள். "அக்கா, உங்களுது மாதிரியே ஒண்ணு எட்டாயிரத்துக்கு வருது, வாங்கவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் இப்படி என்றால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. நான் 2026 அக்டோபர் வரை தரும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் 8-ம் தலைமுறையிலிருந்துதான் பிராசஸர்களை அதிகாரபூர்வமாக ஏற்கிறது. இது 4-ம் தலைமுறை. அது ஒரு காரணம். 20-ம் தேதி காலையில் லோகோவையே பார்த்துக்கொண்டு வயிற்றில் புளியைக் கரைத்தபடி உட்கார்ந்திருந்தது இன்னொரு காரணம். வேலை தொடங்கும் ஒரு பெண்ணுக்கு அந்தக் காலைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். என் மெஷினை மட்டும் யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

புதிதாக அசெம்பிள் செய்யச் சொல்லியிருக்கிறேன். கேபினெட் எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும் பரவாயில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை வாங்குவதற்கு முன் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும், பில்லில் அதன் மாடல் பெயர் தனி வரியில் இருக்க வேண்டும். கேபினெட்டோடு சேர்த்து ஒரே வரியில் எழுதித் தருகிறார்கள் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடு என்றும் சொல்லியிருக்கிறேன்.