"பழகுறதுக்கு ஏத்தது" என்று 450 ஹெலியைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்!

கோலாலம்பூரில் ஒரு கடை. மகனுக்காகப் பட்டர்வொர்த்திலிருந்து வந்தவர் கேட்டது இவ்வளவுதான்: "பையன் இப்பத்தான் பழகப்போறான், அதுக்கு ஏத்த ரிமோட் ஹெலிகாப்டர் வேணும்." கடைக்காரர் நீட்டியது யாரோ ஓட்டிக் கழித்த 450 (ரிமோட் ஹெலியில் ஓர் அளவு ரகம்). விலை 780 ரிங்கிட். "ஒரே வாரத்துல கைக்கு வந்துரும் அண்ணே." முதல் தடவை தூக்கியபோதே தலை (இறக்கைகள் மாட்டும் மேல்பகுதி) ஆடிச் சாய்ந்து, இறக்கை புல்லில் அடித்து உடைந்தது. திரும்பக் கொண்டுபோனால், "நீங்கதானே மோதினீங்க?"

450 முதல் ஹெலி ஆகாது. ஒவ்வொரு இறக்கையும் ஏறக்குறைய 325 மி.மீ. நிமிடத்துக்கு 2,500 சுற்றில் அதன் முனை மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் ஓடும்; விரல் பட்டால் விரல் போச்சு. இதில் இறக்கையின் கோணமே மாறும். பயத்தில் ரிமோட்டின் குச்சியைச் சட்டென்று கீழே இழுத்தால், பல ஹெலிகளில் இறக்கை எதிர்ப்பக்கம் சாய்ந்து ஹெலியைத் தரையோடு அறையும். புதிதாகப் பழகுபவர் கை செய்வதும் அதைத்தான்.

பழையதுதான் வாங்குவேன் என்றால் காசு எடுக்கும் முன் கடையிலேயே பாருங்கள். இறக்கைகளைக் கழற்றிவிட்டுத் தலையைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். உச்சி ஒரே இடத்தில் நிற்காமல் வட்டம் போட்டால் மெயின் ஷாஃப்ட் (தலையைச் சுழற்றும் தண்டு) வளைந்திருக்கிறது. பெரிய பல்சக்கரம் ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தளர்ந்தால் அதுவும் அடிபட்டதே. பிறகு மோட்டாரின் மூன்று வயர்களையும் பிடுங்கிவிட்டு (இதை மறக்கவே கூடாது) பேட்டரி கொடுத்து, குச்சியை மேலும் கீழும் நகர்த்துங்கள். சர்வோ (இறக்கைக் கோணத்தை மாற்றும் சின்ன மோட்டார்) துள்ளினால் அநேகமாக உள்ளே பல் உடைந்திருக்கும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். முழுச் சார்ஜில் செல் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் காட்ட வேண்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல் செத்தது மாதிரிதான்.

இதற்கு நேர்மாறான ஏமாற்று, 3.5 சேனல் என்று எழுதிய பெட்டி (சேனல் என்பது ரிமோட்டால் இயக்கக்கூடிய அசைவுகளின் கணக்கு). அது பக்கவாட்டில் போகவே போகாது. இன்ஃப்ராரெட் ரிமோட் என்றால் வெயிலில் சரியாக வேலையும் செய்யாது. விளையாட்டுச் சாமான், அவ்வளவே.

4 சேனல், இறக்கைக் கோணம் மாறாத சின்ன ஹெலி என்று கேளுங்கள். வி911 என்ற மாடல் அந்த ரகம். இரண்டடுக்கு இறக்கை கொண்டது இன்னும் சுலபம், ஆனால் வீட்டு ஹாலுக்குள் மட்டும். பினாங்கு பாடாங் கோத்தா லாமா கடற்காற்றில் பறக்கவிட்டால் திரும்பி வராது. மாற்று இறக்கையும் வால் மோட்டாரும் அதே கடையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஹெலியும் வேண்டாம்.

ரசீதில் "புதிதாகப் பழகுபவருக்கு" என்று எழுதி வாங்குங்கள். கடை கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 3 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வியாபாரி அல்லாத தனி ஆளிடம் வாங்கியவர்களுக்கு அந்த வழி கிடையாது.