ப்ரீ-மெட் ஆலோசனை அலுவலகம்: விளம்பரமும் வேலையும்

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் முடித்த பிறகுதான் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி; அதற்கு முந்தைய தயாரிப்புக்குப் பெயர் ப்ரீ-மெட். எந்தக் கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போனாலும் ‘எங்களிடம் ப்ரீ-மெட் இருக்கிறது’ என்பார்கள். பெரும்பாலும் அது தனிப் பட்டப்படிப்பே அல்ல. உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் எல்லாம் ஆய்வகத்தோடு தலா ஓர் ஆண்டு, அதோடு உயிர்வேதியியல் ஒரு செமஸ்டர்: வழக்கமான அறிவியல் பட்டியல் இவ்வளவுதான். இசையை மேஜராக (முதன்மைப் பாடமாக) எடுத்தவரும் இதை முடித்து விண்ணப்பிக்கலாம். கல்லூரிக்குக் கல்லூரி நிஜமாக வேறுபடுவது மதிப்பெண் போடும் கெடுபிடியும் ப்ரீ-மெட் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசனை அலுவலகமும்தான்.

அலுவலகம் முதலில் நீட்டுவது ‘90 சதவீதம் பேருக்கு மெடிக்கல் சீட்’ என்ற தாள். முதலாண்டில் 200 பேர் ப்ரீ-மெட் என்று சேர்ந்து, கடைசியில் 40 பேர் விண்ணப்பித்து, 36 பேருக்கு இடம் கிடைத்தாலும் அது 90 சதவீதம்தான். மீதி 160 பேர் எங்கே என்று கேளுங்கள். இடம் எளிதாகக் கிடைக்கும் கரீபியன் தீவு மருத்துவக் கல்லூரிகளையும் கணக்கில் சேர்த்தார்களா என்றும் கேளுங்கள்.

வடிகட்டல் பெரும்பாலும் கமிட்டிக் கடிதத்தில், அதாவது கல்லூரியின் குழு மாணவருக்காக மருத்துவக் கல்லூரிகளுக்கு எழுதும் பரிந்துரையில், நடக்கும். சில கல்லூரிகள் குறிப்பிட்ட ஜிபிஏவுக்கு (4.0 அளவில் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) கீழே இருப்பவருக்கு அந்தக் கடிதமே தருவதில்லை. கமிட்டி உள்ள கல்லூரியிலிருந்து கடிதம் இல்லாமல் விண்ணப்பித்தால், ஏன் இல்லை என்று மருத்துவக் கல்லூரி விளக்கம் கேட்கக்கூடும். கடிதம் கிடைக்கிறவருக்கும் தேதி முக்கியம். ஏம்காஸ் (பல மருத்துவக் கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பச் சேவை) விண்ணப்பத்தை மே கடைசியிலிருந்தே சமர்ப்பிக்கலாம். பல இடங்களில் விண்ணப்பங்களை வந்த வரிசையிலேயே எடுத்துப் பார்த்து நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். கடிதம் செப்டம்பரில் போனால், அதற்குள் நேர்காணல் இடங்கள் பல போயிருக்கும். ‘போன வருஷம் கடிதங்கள் எந்தத் தேதியில் போயின?’ என்ற கேள்விக்கு மழுப்புகிற அலுவலகத்துக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம்.

நல்ல அலுவலகம் தன் மாணவர்களின் ஜிபிஏ, எம்கேட் (மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண் வாரியாக எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற அட்டவணையைக் காட்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நாடு தழுவிய அட்டவணையை இலவசமாக வெளியிடுகிறது. ஜிபிஏ 3.40–3.59, எம்கேட் 506–509 என்ற கட்டத்தை இரண்டிலும் ஒப்பிடுங்கள். மேல்தட்டுக் கட்டங்களில் எல்லாக் கல்லூரியும் அழகாகத்தான் தெரியும். அலுவலகத்தின் உழைப்பு நடுக்கட்டங்களில்தான் வெளிப்படும்.

‘சி வந்தால் மறுபடி எடுத்துக்கலாம், பழைய மதிப்பெண் போய்விடும்’ என்று ஆலோசகர் சொன்னால் உஷார். கல்லூரி அதை அழிக்கலாம், ஏம்காஸ் அழிக்காது. 4 கிரெடிட் கரிம வேதியியலில் முதலில் சி (2.0), அடுத்து ஏ (4.0) வாங்கினால் அங்கே 8 கிரெடிட்டுக்கு சராசரி 3.0. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதத்துக்கென்று தனி ஜிபிஏவும் போடுவார்கள் என்பதால் அடி இரண்டு இடத்தில் விழும். ஏபி கிரெடிட்டை (பள்ளியிலேயே கல்லூரி அளவிலான தேர்வு எழுதிப் பெறுவது) எல்லா மருத்துவக் கல்லூரியும் ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் முதல் செமஸ்டரிலேயே சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.

எந்த அலுவலகமும் சரிசெய்ய முடியாத விஷயங்களும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் தம் மாநிலத்தவருக்கே முன்னுரிமை தரும். வெளிமாநிலத்தில் போய்ப் படிப்பதால் மட்டும் அந்த மாநிலத்தவராகிவிட முடியாது. எஃப்-1 (மாணவர்) விசாவில் வருகிறவர்களை நிறைய மருத்துவக் கல்லூரிகள் பரிசீலிப்பதே இல்லை. இதை வாசலிலேயே சொல்லிவிடும் அலுவலகத்தை நம்பலாம்.