மூன்று மாதத்தைக் குறைத்துத் தர முடியாது என்று சொன்ன கடை

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் லைசென்ஸ் வேலை பார்த்துத் தரும் டிரைவிங் ஸ்கூல்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்எல்ஆர், ரினியூவல் என்றால் எங்கே போனாலும் ஒன்றுதான். சஸ்பெண்ட் ஆன லைசென்ஸ் என்றால்தான் கடையின் சாயம் தெரியும், அதனால் அந்த அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன்.

என் மச்சான் ஹார்பருக்கு கண்டெய்னர் ஓட்டுகிறவர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போன் பேசிக்கொண்டே ஓட்டியதற்குப் பிடித்தார்கள். ஃபைன் கட்டியதோடு முடிந்தது என்று நினைத்தார், நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஃபைன் வேறு, லைசென்ஸ் மேல் வரும் நடவடிக்கை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 19ஆம் பிரிவின்படி ஆர்டிஓ தனியாக நோட்டீஸ் அனுப்பி விளக்கம் கேட்பார், அதன் பிறகுதான் சஸ்பெண்ட் ஆர்டர். ஹெல்மெட் இல்லாமல் போனாலும் பைக்கில் மூன்று பேர் போனாலும் 1,000 ரூபாய் அபராதத்தோடு 3 மாதம் லைசென்ஸ் போகும் என்று 2019 திருத்தத்திலேயே இருக்கிறது. மச்சானுக்கும் மூன்று மாத சஸ்பெண்ட் ஆர்டர்தான் வந்தது.

முதலில் போன இடத்தில், காசு கொடுத்தால் மூன்று மாதத்தை ஒரு மாதமாக ஆக்கித் தருகிறோம் என்றார்கள். அடுத்துப் போனதுதான் நான் எழுதும் இந்தக் கடை. கடைக்காரர் ஆர்டர் பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு, "மூணு மாசம்னா மூணு மாசந்தான் தம்பி, அதுக்கு எங்கிட்ட காசு குடுக்காத" என்றார். எனக்கு அங்கேயே பிடித்துப்போனது. எந்த வகை வண்டிக்குத் தடை என்று ஆர்டரில் பார்க்கச் சொன்னார், சில நேரம் ஹெவிக்கு மட்டும் இருக்கும், சில நேரம் எல்லாவற்றுக்கும் இருக்கும். தடைக் காலத்தில் ஓட்டி மாட்டினால் 182ஆம் பிரிவில் 10,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமேகூட. அந்த நேரத்தில் ஆக்சிடென்ட் ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும் என்பதை மச்சானை விட்டுவிட்டு லாரி ஓனருக்குப் போன் போட்டுச் சொன்னார் பாருங்கள், அதற்கே ஒரு ஸ்டார் கூடக் கொடுக்கலாம், ஏனென்றால் "ராத்திரி ஒரு லோடு மட்டும்" என்று கூப்பிடுகிறவர் அவர்தானே.

குறை இல்லாமல் இல்லை. ஆர்டர் கைக்கு வந்த 30 நாளுக்குள் அப்பீல் போகலாம் என்பதை நாள் முடியப் போகிற நேரத்தில்தான் வாய் திறந்து சொன்னார்கள், முதல் நாளே சொல்லியிருந்தால் மச்சான் ஒரு வக்கீலையாவது பார்த்திருப்பார். அப்புறம், லைசென்ஸ் ஆக்டிவ் ஆகிவிட்டதா என்று ஆன்லைனில் பார்த்துச் சொல்ல தனியாகக் காசு. அரசின் பரிவாகன் சாரதி தளத்தில் லைசென்ஸ் நம்பரும் பிறந்த தேதியும் போட்டால் இலவசமாகத் தெரிகிற விஷயம் அது! கேட்டால் சிரிக்கிறார்கள். கடையில் விவரம் தெரிந்தவர் ஓனர் ஒருத்தர்தான், அவர் வெளியே போய்விட்டால் மற்றவர்கள் "அண்ணன் வரட்டும்" என்பதோடு சரி.

ஆனால் லைசென்ஸைத் திரும்ப வாங்கும் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். நோட்டீஸ் பழைய அட்ரஸுக்குப் போய்த் தாமதமாகக் கிடைத்ததால் அட்ரஸையும் மொபைல் நம்பரையும் சேர்த்தே மாற்றிக் கொடுத்தார்கள். லாரி மாதிரி வண்டி ஓட்டும் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருஷம்தான் என்பதால் ரினியூவல் தேதியையும் பார்த்து வைத்தார்கள். அது முடிந்து ஒரு வருஷம் தாண்டினால் மறுபடி டெஸ்ட் போட்டுக் காட்ட வேண்டும்.

ரேட் மற்ற கடைகளைவிடக் கொஞ்சம் கூட, பேசினால் குறைப்பார்கள். காலையில் போகாதீர்கள், ஓனர் ஆர்டிஓ ஆபீஸில் இருப்பார். சாயங்காலம் ஆர்டர், லைசென்ஸ், ஆதார் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போங்கள், கடை மெஷின் பாதி நாள் ரிப்பேர்.